தென்னாப்பிரிக்காவின் 1993: இரண்டு படங்களுக்கு நடுவே விடுபட்ட ஆண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த கதையை நம் இதழ்கள் எப்போது எழுதினாலும் இரண்டு படங்களுக்குள் அடக்கிவிடுகின்றன. 1990 பிப்ரவரி 11 அன்று மண்டேலா சிறையிலிருந்து நடந்து வெளியே வருகிறார். 1994 மே 10 அன்று பிரிட்டோரியாவில் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்கிறார். இடையில் வெள்ளையர் அரசின் தலைவர் டி கிளர்க்குடன் கைகுலுக்கும் காட்சியும் நோபல் பரிசும் வந்து போகும். பெருந்தன்மை மிக்க இரண்டு தலைவர்கள் மனம் வைத்ததால் ரத்தம் சிந்தாமல் ஒரு நாடு மாறிவிட்டது என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். அப்படி நடக்கவில்லை. 1990 ஜூலைக்கும் 1994 ஏப்ரலுக்கும் இடையே அங்கே அரசியல் வன்முறையில் மாண்டவர்கள் ஏறத்தாழ 14,000 பேர்.

அந்த நாடு எப்படிக் கரையேறியது என்பதை அறிய 1993ஆம் ஆண்டைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த ஓராண்டில் செய்த வேலைகளும் அவற்றைச் செய்த வரிசையுமே நாட்டைக் காப்பாற்றின என்பது என் உறுதியான கருத்து. அந்த வரிசையை எழுதாமல் முடிவை மட்டும் எழுதுவதால், தென்னாப்பிரிக்காவை மற்ற நாடுகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுபவர்களும் கடைசிப் படியை முதற்படி என்று எண்ணிவிடுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் தந்து உதவ வேண்டும்.

1992இல் பேச்சு முறிந்து கிடந்தது. கோடெசா என்று அழைக்கப்பட்ட பலகட்சி மாநாட்டின் இரண்டாவது அமர்வு அந்த ஆண்டு மே மாதம் உடைந்தது ஒரு சதவீதக் கணக்கில். புதிய அரசியல் சட்டத்தை எத்தனை சதவீத வாக்கில் நிறைவேற்றுவது? மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 70 சதவீதம் வரை ஏறி வந்தது, உரிமைகள் சாசனத்துக்கு 75ஐயும் ஒப்புக்கொண்டது. அரசுத் தரப்பு 75க்குக் கீழே வர மறுத்தது. 5 சதவீத வேறுபாடுதானே என்று தோன்றலாம். வெள்ளையரின் தேசியக் கட்சியும் அதன் தோழமைக் கட்சிகளும் கால் பங்குக்குச் சற்று மேல் இடங்களைப் பிடித்தால் எந்தச் சட்டத்தையும் தடுத்து நிறுத்தலாம் என்பதே 75இன் பொருள். ஜூன் 17 அன்று பொய்படோங் குடியிருப்பில் 45 பேர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். காங்கிரஸ் பேச்சிலிருந்து விலகியது. செப்டம்பர் 7 அன்று கறுப்பருக்கென்று வெள்ளையர் அரசு பிரித்துவைத்த தாயகப் பகுதிகளில் ஒன்றான சிஸ்கேயின் தலைநகர் பிஷோவில் ஊர்வலத்தினர்மீது படையினர் சுட்டதில் 28 ஊர்வலத்தினரும் ஒரு படை வீரரும் இறந்தனர். அதன் பிறகுதான், செப்டம்பர் 26 அன்று, மண்டேலாவும் டி கிளர்க்கும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அவையே அரசியல் சட்டத்தை எழுதும். கொலைகளின் தளமாக இருந்த தொழிலாளர் விடுதிகளுக்கு வேலி போடப்படும். பொது இடத்தில் ஆயுதம் ஏந்திச் செல்லத் தடை. அரசியல் கைதிகள் விடுதலை. இந்த உடன்பாட்டில், சுலு மக்களிடையே செல்வாக்குள்ள இன்காதா கட்சியின் தலைவர் புத்தெலேசிக்கு இடமில்லை. அவருடைய சினம் அடுத்த பத்தொன்பது மாதங்களையும் ஆட்டிப்படைத்தது.

அதே காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் ஜோ ஸ்லோவோ ஒரு திட்டத்தை முன்வைத்தார்: குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வோம், பழைய அரசு ஊழியர்களின் வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் உறுதி கொடுப்போம், காலம் முடிந்ததும் அந்த ஏற்பாடு தானே காலாவதியாகட்டும். சொந்த அணியிலேயே அவருக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் கணக்கு அவர் பக்கம் இருந்தது. ராணுவம், போலீஸ், கருவூலம், வானொலி எல்லாம் எதிராளியின் கையில் இருக்கையில், அந்த அலுவலர்களை வீட்டுக்கு அனுப்புவோம் என்று சொல்லிவிட்டு அவர்களைக் கொண்டே தேர்தல் நடத்த முடியாது.

1993 ஏப்ரல் 1 அன்று ஜோகன்னஸ்பர்க் அருகே கெம்ப்டன் பார்க்கில், உலக வர்த்தக மையம் என்ற கட்டடத்தில் பேச்சு மீண்டும் தொடங்கியது. கோடெசாவில் 19 தரப்புகள் இருந்தன, இங்கே 26. இடதில் நின்ற பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரசும் வலதில் நின்ற கன்சர்வேட்டிவ் கட்சியும் வந்து உட்கார்ந்தன. இந்த மேசை எப்படி அமைக்கப்பட்டது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் முக்கியச் செய்தி. அன்றாடப் பேச்சு நடந்த குழுவில் ஒவ்வொரு தரப்புக்கும் இரண்டு பிரதிநிதிகள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், உடன் இரண்டு ஆலோசகர்கள். கோடெசாவில் கட்சிக்காரர்களே பெரிய பெரிய செயற்குழுக்களில் உட்கார்ந்து வரைவு எழுத முயன்றார்கள். ஒவ்வொரு வரியும் சண்டையில் போய் நின்றது. இம்முறை எழுதும் வேலையை ஏழு தொழில்நுட்பக் குழுக்களிடம் கொடுத்தார்கள். வன்முறை, அரசியல் சட்டம், அடிப்படை உரிமைகள், பாரபட்சச் சட்டங்களை நீக்குதல், தேர்தல் ஆணையம், ஊடகம், இடைக்கால நிர்வாகக் குழு என்று தலைப்புக்கு ஒன்று. அவற்றில் இருந்தவர்கள் சட்டமும் துறையும் அறிந்த வல்லுநர்கள். அவர்கள் அறிக்கை கொடுப்பார்கள், பிரதிநிதிகள் விவாதிப்பார்கள், திருத்தி அடுத்த அறிக்கை வரும். வெற்றுத்தாளில் தொடங்கிச் சண்டையிடுவதும் எழுதிவைத்த ஒரு பத்தியைத் திருத்தச் சொல்லிச் சண்டையிடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு முடிவு உண்டு.

முடிவெடுக்கும் விதிக்கு ‘போதுமான ஒருமித்த கருத்து’ என்று பெயர். கை தூக்கி வாக்கெடுப்பு கிடையாது. எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. மேற்கொண்டு நகரும் அளவுக்கு உடன்பாடு இருக்கிறதா என்பதை அமர்வின் தலைவர் முடிவு செய்வார். ஒப்பாதவர் தம் மறுப்பைப் பதிவு செய்யலாம். நடைமுறையில் இதன் பொருள், அரசும் காங்கிரசும் ஒத்துப்போனால் வண்டி நகரும் என்பதே. காங்கிரசின் ராமபோசாவும் அரசின் ரூல்ஃப் மேயரும் மேசைக்கு வெளியே இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்ததால் அது சாத்தியமானது. இந்த விதியில் நியாயக் குறைவு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். சிறிய கட்சிகள் வேடிக்கை பார்க்க வைக்கப்பட்டன. புத்தெலேசியின் கையிலிருந்த குவாசுலு தாயக நிர்வாகம் இந்த விதியை எதிர்த்து நீதிமன்றத்துக்கே போனது, வழக்கு தள்ளுபடியானது. ஆனால் 26 தரப்புகளில் எவருக்கும் தடுப்பு வாக்கு இருந்திருந்தால் தேர்தல் தேதியே வந்திருக்காது.

அந்தத் தேதியைக் கொண்டுவந்தது ஒரு கொலை. பேச்சு தொடங்கிப் பத்தாவது நாள், ஏப்ரல் 10, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, பாக்ஸ்பர்க் நகரின் டான் பார்க்கில் தம் வீட்டு வாசலில் கிறிஸ் ஹானி சுட்டுக் கொல்லப்பட்டார். கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். காங்கிரசின் ஆயுதப் படையில் தளபதியாக இருந்தவர். கறுப்பின இளைஞர்களிடம் மண்டேலாவுக்கு அடுத்த செல்வாக்கு அவருக்குத்தான். சுட்டவர் போலந்திலிருந்து குடியேறிய யானுஸ் வாலுஷ். துப்பாக்கியைக் கொடுத்தவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் கிளைவ் டெர்பி-லூயிஸ். துப்பாக்கி விமானப்படைக் கிடங்கிலிருந்து திருடப்பட்டது. அண்டை வீட்டு வெள்ளைப் பெண்மணி ஒருவர் காரின் எண்ணைக் குறித்துக் கொடுத்ததால் கொலையாளி அன்றே பிடிபட்டார். அரசுத் தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசியது குடியரசுத் தலைவர் டி கிளர்க் அல்ல, அப்போது எந்த அரசுப் பதவியும் இல்லாத மண்டேலா. கொன்றவனும் வெள்ளையன், அவனைப் பிடித்துக் கொடுத்தவரும் ஆப்பிரிகானர் பெண் என்பதை அவர் அருகருகே வைத்துச் சொன்னார். இதை நம்மவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். அடுத்து நடந்ததைக் காட்ட மாட்டார்கள். ஹானியின் மரணத்துக்குப் பின், ஒரு தேதியைச் சொல்லாமல் இளைஞர்களை இனி அடக்கிவைக்க முடியாது என்று காங்கிரஸ் மேசையில் அழுத்தியது. ஜூன் 3 அன்று 1994 ஏப்ரல் 27 என்ற நாளை எடுத்துக்கொண்டார்கள். ஜூலை 2 அன்று உறுதி செய்தார்கள். அரசியல் சட்டத்தில் பாதிகூட அப்போது எழுதப்படவில்லை.

வேலை முடியுமுன் தேதி குறித்தது ஆபத்தான காரியம் என்று அப்போது பலர் சொன்னார்கள். நான் அதை அந்த ஆண்டின் மிகச் சரியான முடிவு என்பேன். தேதி இல்லாத பேச்சில் தாமதிப்பவனுக்கு லாபம். பழைய அரசு ஆண்டுகொண்டே பேசலாம். தேதி வந்தபின் தாமதிப்பவனுக்கு நட்டம். இன்காதாவும் கன்சர்வேட்டிவ் கட்சியும் வெளிநடப்புச் செய்தன. அதற்குச் சில நாள் முன்பு, ஜூன் 25 அன்று, வலதுசாரி ஆயுதக் குழுவினர் கவச வண்டியால் பேச்சு நடந்த கட்டடத்தின் கண்ணாடி முகப்பை இடித்து உள்ளே புகுந்தார்கள்; போலீஸ் பெரும்பாலும் பார்த்துக்கொண்டு நின்றது. ஜூலை 25 அன்று கேப்டவுனின் புனித ஜேம்ஸ் தேவாலயத்தில் வழிபாட்டின்போது பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரசின் ஆயுதப் பிரிவினர் குண்டுவீசிச் சுட்டதில் 11 பேர் இறந்தார்கள். ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கேயுள்ள கிழக்கு ராண்ட் பகுதியின் கட்லெஹோங், தோகோசா குடியிருப்புகளில் விடுதிக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே தெரு தெருவாகப் போர். அவ்வளவுக்கும் இடையில் தேதி மாறவில்லை.

தேதிக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே செய்தது என்ன? பழைய அரசே தேர்தலை நடத்தினால் தோற்றவர் ஏற்க மாட்டார். பழைய அரசைக் கலைத்துவிட்டால் சம்பளம் கொடுக்கவும் ஆள் இருக்காது. இதற்கு விடையாக செப்டம்பரில் நான்கு சட்டங்கள் நிறைவேறின. இடைக்கால நிர்வாகக் குழு, சுதந்திரத் தேர்தல் ஆணையம், தேர்தல் காலத்து ஊடக ஆணையம், ஒலிபரப்புக்கான தனி ஆணையம். நிர்வாகக் குழு அரசாங்கம் அல்ல. அரசும் தாயகப் பகுதிகளின் நிர்வாகங்களும் தேர்தலைப் பாதிக்கும் எதையும் அதன் கண் படாமல் செய்ய முடியாது என்பதே அதன் அதிகாரம். அதன்கீழ் ஏழு துணைக் குழுக்கள்: சட்டம் ஒழுங்கு, பாதுகாப்பு, உளவு, நிதி, வெளியுறவு, வட்டார உள்ளாட்சியும் மரபுத் தலைமைகளும், பெண்கள் நிலை. துப்பாக்கி, பணம், செய்தி மூன்றின்மீதும் எதிர்த்தரப்புக்கும் ஒரு கை கிடைத்தபின்தான் தேர்தல். நிர்வாகக் குழுச் சட்டம் நிறைவேறிய மறுநாள், செப்டம்பர் 24 அன்று, மண்டேலா ஐ.நா.வில் பொருளாதாரத் தடைகளை விலக்கும்படி கேட்டார். அதற்கு முன் கேட்கவில்லை. சாவியைக் கையில் வாங்கும்வரை பூட்டைத் திறக்கவில்லை.

நிதிக் குழுவின் பங்கில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஐ.எம்.எஃப். அளித்த 850 மில்லியன் டாலர் வறட்சிக் கடனுக்காக ஒரு பொருளாதாரக் கொள்கை அறிக்கை தயாராகி, நிர்வாகக் குழுவும் அதை ஏற்றது. பற்றாக்குறைக் கட்டுப்பாடு பற்றிய அதன் வாசகங்கள் இன்னும் தேர்ந்தெடுக்கப்படாத அரசின் கையை முன்கூட்டியே கட்டின. வீடும் தண்ணீரும் மின்சாரமும் கேட்டு வாக்களித்தவர்களிடம் இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இனி அரசியல் சட்டம். காங்கிரஸ் சொன்னது: மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே சட்டத்தை எழுத வேண்டும். தேசியக் கட்சி சொன்னது: தேர்தலில் நாங்கள் தோற்பது உறுதி, ஆகவே எங்கள் பாதுகாப்பை இப்போதே எழுதிவைக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். தீர்வு இரண்டு கட்டங்களாக வந்தது. முதலில் கட்சிகள் கூடி ஓர் இடைக்கால அரசியல் சட்டம். அதன் இணைப்பாக, இறுதிச் சட்டம் மீறக்கூடாத கோட்பாடுகள். பிறகு தேர்தல். தேர்ந்தெடுக்கப்பட்ட தேசிய அவையின் 400 பேரும் செனட்டின் 90 பேரும் சேர்ந்து அரசியல் நிர்ணய அவையாக உட்கார்ந்து, இரண்டு ஆண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் இறுதிச் சட்டத்தை எழுதுவார்கள். அது கோட்பாடுகளுக்கு ஒத்திருக்கிறதா என்பதைப் புதிய அரசியல் சட்ட நீதிமன்றம் பார்த்துச் சான்று தர வேண்டும். மூன்றில் இரண்டு கிடைக்காவிட்டால்? அதற்கும் எழுதிவைத்தார்கள்: வல்லுநர் குழுவின் சமரச வரைவு, அதுவும் தோற்றால் சாதாரணப் பெரும்பான்மையில் ஏற்ற வரைவை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டு 60 சதவீத ஆதரவு பெற வேண்டும், அங்கும் தோற்றால் அவை கலைந்து புதுத் தேர்தல். கோடெசா உடைந்தது இந்த இடத்தில்தான் என்பதை மறக்காதவர்கள் எழுதிய பிரிவு அது.

இது வெறும் காகிதமாக நிற்கவில்லை. 1994இல் காங்கிரஸ் பெற்றது 62.65 சதவீதம், 252 இடங்கள். தனியாக மூன்றில் இரண்டு இல்லை. இறுதிச் சட்டம் கெடு முடியுமுன் 1996 மே 8 அன்று நிறைவேறியது: ஆதரவு 421, எதிர்ப்பு 2, நடுநிலை 10. அவ்வளவு ஆதரவு பெற்ற சட்டத்தை அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. மாகாண அதிகாரம், உள்ளாட்சி, உரிமைகள் சாசனத்தைத் திருத்தும் முறை உள்ளிட்ட இடங்களில் கோட்பாடுகளுக்கு ஒத்துவரவில்லை என்றது. அவை மறுபேச்சின்றித் திருத்தியது. டிசம்பர் 4 அன்று சான்று கிடைத்தது.

1993 நவம்பர் 17 இரவு விடிய விடிய நடந்த இறுதிப் பேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20 சதவீத இடம் பெற்ற கட்சிக்கு ஒரு துணைத் தலைவர் பதவி, 5 சதவீதம் பெற்ற கட்சிக்கு அமைச்சரவையில் பங்கு, இந்தத் தேசிய ஒற்றுமை அரசு 1999 வரை. ஆனால் அமைச்சரவை முடிவுகளுக்கு மூன்றில் இரண்டு வாக்கு வேண்டும் என்று டி கிளர்க் கேட்டது கிடைக்கவில்லை. ஒருமித்த கருத்தை நாடும் மனப்பான்மையோடு நடக்க வேண்டும் என்ற வாசகத்தோடு அவர் இறங்கினார். தடுப்பு வாக்குக்காக மூன்று ஆண்டு போராடிய தரப்பு கடைசியில் ஒரு வாசகத்தை ஏற்றதற்குக் காரணம், தேதிதான். நீதிமன்றத்துக்கு நீதிபதிகளை யார் நியமிப்பது என்பதிலும் கடைசி மணிநேரத்தில் சிறிய ஜனநாயகக் கட்சி பிடிவாதம் பிடித்தது. 11 நீதிபதிகளில் ஆறு பேரை நீதித்துறைப் பணி ஆணையம் தரும் பத்துப் பெயர்களிலிருந்தே எடுக்க வேண்டும் என்று முடிவானது. நாடு அந்தக் கட்சிக்கு நன்றி சொல்ல வேண்டும். பெண் பிரதிநிதிகளும் ஒரு போரை வென்றார்கள்: மரபுச் சட்டத்தைச் சமத்துவ உரிமைக்கு அப்பாற்பட்டதாக வைக்க மரபுத் தலைவர்கள் கேட்டது ஏற்கப்படவில்லை.

நவம்பர் 18 விடியற்காலையில் ஒப்புதல். டிசம்பர் 22 அன்று பழைய நாடாளுமன்றம் 237க்கு 45 என்ற கணக்கில் அதை நிறைவேற்றியது. அந்த நாடாளுமன்றத்தில் 1984 முதல் வெள்ளையருக்கு ஓர் அறை, கலப்பினத்தவருக்கு ஓர் அறை, இந்தியருக்கு ஓர் அறை; கறுப்பருக்கு ஏதும் இல்லை. தன்னையே கலைக்கும் சட்டத்துக்கு அது வாக்களித்தது.

விலையும் கொடுத்தார்கள். உள்ளாட்சியில் ஒவ்வொரு நகரசபையின் வார்டுகளிலும் பாதிக்குக் குறையாமல் முன்னாள் கறுப்பர் பகுதிக்கு, பாதிக்குக் குறையாமல் மற்றப் பகுதிகளுக்கு. மக்கள்தொகையில் பத்தில் எட்டுப் பேர் ஒரு பக்கம் வாழும் ஊரிலும் வார்டுகள் சரிபாதி. பட்ஜெட்டுக்கு மூன்றில் இரண்டு வாக்கு. இந்த ஏற்பாடு 2000 டிசம்பர் தேர்தல்வரை நீடித்தது. குழாயும் சாலையும் குப்பை வண்டியும் நகரசபையின் கையில்தானே இருக்கின்றன? நிலத்தில், இன அடிப்படையிலான சட்டங்களால் பறிக்கப்பட்டதைத் திரும்பக் கேட்கும் உரிமை 1913 ஜூன் 19க்குப் பிந்தைய பறிப்புகளுக்கு மட்டும். கறுப்பர் நிலம் வாங்குவதைத் தடுத்த சட்டம் வந்த நாள் அது. அதற்கு முன்பே போரில் போனதைக் கேட்க வழியில்லை. இன்றும் அந்த நாட்டை வாட்டும் நிலப் பிரச்சினையின் ஒரு வேர் இந்த வரம்பில் இருக்கிறது.

தோல்விகளும் உண்டு. எல்லாத் தரப்பு வீரர்களையும் கலந்து நிர்வாகக் குழு உருவாக்கிய தேசிய அமைதிப் படைக்கு அவசரமாகச் சில வாரப் பயிற்சி. ஆளுக்கொரு பழக்கம், ஆளுக்கொரு கட்டளை முறை. 1994 ஏப்ரலில் தோகோசாவில் இறக்கியபோது தடுமாறிக் கண்டபடி சுட்டது. விலக்கிக்கொண்டு மீண்டும் பழைய ராணுவத்தையே அனுப்ப வேண்டியதாயிற்று. ஒன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு ஒன்றாகத் துப்பாக்கி பிடிக்கக் காலம் போதவில்லை. இன்னொரு தாயகப் பகுதியான போபுதட்ஸ்வானாவில் தேர்தலை மறுத்த மங்கோப்பே ஆட்சி 1994 மார்ச்சில் சாய்ந்தது அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில். நாடு இணைந்தால் சம்பளமும் ஓய்வூதியமும் என்னாகும் என்பதே அவர்கள் கேட்டது. ஸ்லோவோ ஓய்வூதியத்தைப் பற்றி ஏன் அவ்வளவு பேசினார் என்பது அங்கே விளங்குகிறது. மங்கோப்பேயைக் காக்க வந்த வலதுசாரிகள் அவமானப்பட்டுத் திரும்பியபின் அவர்களின் தலைவர்களில் ஒருவரான ஜெனரல் வில்யூன் தேர்தல் பாதைக்கு வந்தார். அவரை இழுக்க இனக்குழுத் தன்னுரிமை பற்றிய 34ஆவது கோட்பாடு சேர்க்கப்பட்டது. டிசம்பரில் தேசிய அவைக்கும் மாகாணத்துக்கும் சேர்த்து ஒரே வாக்குச்சீட்டு என்றிருந்ததும் இரண்டாக மாற்றப்பட்டது. இன்காதா வந்து சேர்ந்தது ஏப்ரல் 19 அன்று, வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன். சீட்டுகள் அச்சாகி முடிந்திருந்தன. அடியில் அந்தக் கட்சியின் பெயரையும் படத்தையும் ஒட்டுத்தாளாக ஒட்டினார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் நேரடியாக உள்ள செய்தி ஒன்றை யாரும் எழுதுவதில்லை. 1860 நவம்பரில் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனில் இறங்கிய கரும்புத் தோட்டக் கூலிகளின் வழிவந்தவர்களும் அந்த மேசையில் பேசப்பட்டார்கள். காந்தி 1894இல் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரசும் டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரசும் கெம்ப்டன் பார்க்கில் உட்கார்ந்தன. இடைக்காலச் சட்டத்தின் 3ஆம் பிரிவு 11 ஆட்சி மொழிகளை அறிவித்ததோடு, மதிப்பும் வளர்ச்சியும் பெற வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழையும் தெலுங்கையும் இந்தியையும் குஜராத்தியையும் உருதுவையும் பெயர் சொல்லிக் குறித்தது. 1996 சட்டத்திலும் தமிழின் பெயர் இருக்கிறது. அதே நேரம், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி இந்தியர்களில் கணிசமானோர் 1994இல் தங்களை ஒதுக்கி வைத்த தேசியக் கட்சிக்கே வாக்களித்தார்கள். பெரும்பான்மை ஆட்சியைக் கண்டு எழுந்த அச்சம் அவர்களிடம் உண்மையிலேயே இருந்தது. 1993இன் உறுதிமொழிகள் அங்கே போய்ச் சேரவில்லை.

இலங்கையைப் பற்றிப் பேசும்போது ‘தென்னாப்பிரிக்க வழி’ என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. 2014இல் ராமபோசாவே இலங்கைக்கான சிறப்புத் தூதராக நியமிக்கப்பட்டார். அந்த வழி என்றதும் எல்லாரும், நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தைத்தான் நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அந்த ஆணையம் முதலில் வரவில்லை. பொதுமன்னிப்பு உண்டு என்ற ஒரு பத்தி இடைக்காலச் சட்டத்தின் கடைசியில், கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டது. ஆணையத்துக்கான சட்டம் 1995இல். முதல் விசாரணை 1996 ஏப்ரல் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில். அதற்குள் ஆட்சி கைமாறியிருந்தது, சுதந்திர நீதிமன்றம் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது, சாட்சி சொல்ல வருபவர் தாம் வாக்களித்த அரசின் முன் வந்து நின்றார். குற்றம் செய்தவர் முழு உண்மையும் சொல்ல வேண்டும், செயலுக்கு அரசியல் நோக்கம் இருந்ததென்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. அந்த வழக்கு நடக்கும் என்ற அச்சம் இருந்ததால்தான் 7,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அதிகாரம் பழைய கையிலேயே இருக்க, வழக்கும் வராது என்று தெரிந்திருக்க, ஓர் ஆணையத்தை மட்டும் எடுத்து நட்டால் யார் வந்து உண்மை சொல்வார்?

ஹானியைக் கொன்றவர்களின் வழக்கில் இந்த வரிசை முழுவதையும் பார்க்கலாம். 1993 அக்டோபரில் பழைய நீதிமன்றம் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது. 1995 ஜூன் 6 அன்று புதிய அரசியல் சட்ட நீதிமன்றம் மரண தண்டனையே செல்லாது என்றது. அவர்கள் உயிர் பிழைத்தார்கள். இருவரும் பொதுமன்னிப்பு கேட்டார்கள். முழு உண்மையைச் சொல்லவில்லை என்பது உள்ளிட்ட காரணங்களால் 1999இல் மறுக்கப்பட்டது. வாலுஷைப் பரோலில் விட 2022 நவம்பரில் அதே நீதிமன்றம் ஆணையிட்டபோது ஹானியின் குடும்பமும் பெருந்திரளான மக்களும் கொதித்தார்கள். அவர்களுடைய வேதனையை நான் முழுதும் மதிக்கிறேன். ஆணை நிறைவேற்றப்பட்டது.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இனி இதுபற்றிக் கட்டுரை வெளியிடும்போது, 1994 ஏப்ரல் 27 அன்று நடைமுறைக்கு வந்த இடைக்காலச் சட்டத்தையும் 1997 பிப்ரவரி 4 அன்று நடைமுறைக்கு வந்த இறுதிச் சட்டத்தையும் ஒன்றாகக் குழப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, இறுதிச் சட்டத்தைக் கட்டுப்படுத்திய 34 கோட்பாடுகளைத் தமிழாக்கி ஒரு ஞாயிறு இணைப்பில் வெளியிடுங்கள். சில பக்கங்களே வரும். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும், இலங்கையில் அரசியல் தீர்வு பற்றி எழுதுபவர்களுக்கும் அது உடனே பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி